மலையில காட்டேஜ்: முழு மரமா, கல்லும் மரமுமா, ஸ்டீல் ஃபிரேமா, மண் பிளாக்கா?

கோத்தகிரி பக்கம் பத்து சென்ட், பூம்பாறை போற வழியில இருபது சென்ட்னு ஒரு துண்டு நிலம் வாங்கிட்டு, "மரத்துல சின்னதா ஒரு காட்டேஜ், பெரிய கண்ணாடி ஜன்னல், இயற்கையோட ஒட்டினாப்ல இருக்கணும்"னு போன்ல படத்தை வச்சுக்கிட்டு ஆசாரியைத் தேடுறவங்க இப்ப ரொம்ப அதிகமாயிட்டாங்க. படம் எல்லாம் பெரும்பாலும் நார்வே, கனடா. அங்க கூரை மேல பனி குவியுது, அதுக்கு ஏத்த வீடு அது. நம்ம மலையில பனி குவியாது, ஆனா மூடுபனி வாரக்கணக்கா வீட்டைச் சுத்தி நிக்கும், சாரல் பக்கவாட்டுல அடிக்கும், துணி மூணு நாளானாலும் காயாது. அதனால "மரமா கல்லா"ங்கிற கேள்விய அழகை வச்சு முடிவு பண்ணாதீங்க. எதை வச்சு முடிவு பண்ணணும்னு முதல்ல சொல்லிடறேன், அப்புறம் ஒவ்வொண்ணா பாக்கலாம்.

## எதை வச்சு எடை போடணும்

மண்ணை எவ்வளவு வெட்டணும். இதுதான் எனக்கு முதல் கேள்வி. மூணு அடி போனா ஒரு அடி இறங்குற சரிவுன்னு வைங்க. அதுல இருபது அடி அகலத்துக்குத் தட்டையா தளம் போடணும்னா மேல்பக்கம் கிட்டத்தட்ட ஆறரை ஏழு அடி வெட்டணும், வெட்டின இடத்துல தடுப்புச்சுவர், அந்தச் சுவருக்குப் பின்னாடி தண்ணி வடிய ஓட்டை, கீழ வடிகால். இதுக்கு ஆகிற காசு பல பேரோட பட்ஜெட்லயே இருக்காது. நீலகிரியில ஜேசிபி விடறதுக்கே தனி அனுமதி வேணும். 2009 நவம்பர்ல குன்னூர், கேத்தி, கோத்தகிரி பக்கம் நடந்த மண்சரிவைப் பாத்தவங்க யாரும் சரிவை லேசா வெட்டச் சொல்ல மாட்டாங்க.

சாரல் எந்தப் பக்கம் அடிக்குது. மலைன்னா எல்லாம் ஒண்ணுன்னு நினைக்கிறாங்க, இல்லவே இல்ல. அவலாஞ்சி, அப்பர் பவானி, நடுவட்டம் பக்கம் ஜூன்லேருந்து தென்மேற்குப் பருவமழை மேற்குச் சுவரைப் போட்டு அறையும், 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 800 மில்லிமீட்டருக்கு மேல பெஞ்சுது. குன்னூர், கோத்தகிரியில அக்டோபர், நவம்பர் மழைதான் பெருசு, அது கிழக்குப் பக்கத்துலேருந்து வரும். கோடைக்கானலுக்கு ரெண்டு பருவமும் உண்டு, ஆனா ஐப்பசி கார்த்திகையில வர்றதுதான் அதிகம். ஒரே டிசைனைத் தூக்கிட்டு வந்து ரெண்டு இடத்துலயும் நட்டா ஒரு இடத்துல நிக்கும், இன்னொரு இடத்துல உளுத்துப்போகும்.

வருஷத்துல எத்தனை நாள் அங்க ஆள் இருப்பாங்க. இது யாரும் நேர்மையா பதில் சொல்லாத கேள்வி. "ரிடையர் ஆனதும் அங்கயேதான்"னு சொல்றவங்க ரிடையர் ஆக இன்னும் பத்து வருஷம் இருக்கும். கருங்கல் மரத்தைவிட பதினஞ்சு இருபது மடங்கு சுலபமா சூட்டைக் கடத்தும், தடிமனான கல் சுவர் சூடாகவும் நேரம் எடுக்கும். சனிக்கிழமை சாயங்காலம் வந்து கணப்பு மூட்டினா ஞாயித்துக்கிழமை மதியம்தான் சுவர்ல குளிர் அடங்கும், அப்ப நீங்க காரை எடுத்துருவீங்க. மரவீடு ஒரு மணி நேரத்துல சூடாயிடும். அப்படிப் பாத்தா வாரக்கடைசிக்கு வர்றவங்களுக்குத்தான் மரம் பொருத்தம். ஆனா மரத்தை அப்பப்ப திறந்து காத்தாட விடணும், எண்ணெய் அடிக்கணும், எங்க கறுக்குதுன்னு பாக்கணும், அதுக்கு ஆள் அங்கயே இருக்கணும். யாருக்கு மரம் சுகமோ அவங்களாலதான் அதைப் பாத்துக்க முடியாது. கீழ சொல்ற ஒப்பீடு முழுக்க இந்த இழுபறியைச் சுத்திதான்.

மரம் எங்கேருந்து வருது. சொந்த நிலத்துல நிக்கிற மரம்தானேன்னு வெட்டிட முடியாது. 1955 மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி கலெக்டர் தலைமையில இருக்கிற கமிட்டி அனுமதிக்கணும். வெளியிலேருந்து கொண்டு வந்தா பில்லும், தேவைப்படுற மரத்துக்கு வனத்துறை டிரான்சிட் பாஸும் (மரத்தை ஏத்திக் கொண்டு வர்ற அனுமதிச் சீட்டு) கையில இருக்கணும்.

காகிதம். "மரவீடு டெம்பரரிதான், பர்மிஷன் வேணாம்"னு யாராவது சொன்னா அவரை அங்கயே விட்டுட்டு வந்துருங்க. குடியிருக்கிற கட்டடம்னா எதுல கட்டினாலும் திட்ட அனுமதி வேணும், கிராமம் ஹாகா (மலைப்பகுதி பாதுகாப்பு ஆணையம்) லிஸ்ட்ல இருந்தா அந்தத் தடையில்லாச் சான்றும் சேரும். நீலகிரியில 1993லேருந்தே 1,500 சதுர அடி, 7 மீட்டர் உயரம்னு ஒரு கோடு இருக்கு. கோடைக்கானல்ல ஐகோர்ட் உத்தரவுல 2019ல விதிமீறின கட்டடங்களுக்கு சீல் வச்சதை எல்லாரும் பாத்தோம். இது போக லோன், இன்சூரன்ஸ். பலகைச் சுவர் வச்ச வீட்டை இன்சூரன்ஸ்காரங்க கச்சா, அதாவது உறுதியில்லாத கட்டடம்னு வகைப்படுத்துவாங்க, பிரீமியம் ஏறும், சில இடத்துல எடுக்கவே யோசிப்பாங்க. பேங்க் மேனேஜரும் அதே முகத்தைத்தான் காட்டுவார்.

## முழு மரவீடு

இதுல ரெண்டு வகை. ஒண்ணு, கட்டை மேல கட்டை அடுக்கற லாக் வீடு. இன்னொண்ணு மரச்சட்டம் நிறுத்தி ரெண்டு பக்கமும் பலகை அடிச்சு நடுவுல ராக்வூல் (குளிரைத் தடுக்கிற பஞ்சு மாதிரி பொருள்) வைக்கிற ஃபிரேம் வீடு. வித்தியாசத்தைக் கணக்காவே பாத்துரலாம்: சுத்தளவு நூறு அடி, உயரம் ஒம்பது அடி, கதவு ஜன்னல் போக 750 சதுர அடி சுவர். நாலு இஞ்ச் கட்டைன்னா 250 கன அடி மரம். ஃபிரேம்ல சட்டம், வெளிப்பலகை எல்லாம் சேத்து நூறு கன அடிதான் வரும், உள்பக்கமும் பலகை அடிச்சா இன்னொரு அம்பது சேத்துக்கலாம். அறுவையில போற சேதாரம் தனி. தேக்கோட கன அடி விலைய டிப்போவுல கேட்டுட்டு நீங்களே பெருக்கிப் பாருங்க, லாக் வீட்டு ஆசை பாதிப் பேருக்கு அங்கயே போயிரும். எனக்கு இங்க லாக் வீடு கட்டறதுல உடன்பாடே இல்ல. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல இருக்கிற படுக்கை இடுக்குல சாரல் தண்ணி போய் உக்காந்துரும், அதைக் காய வைக்க வெயில் வர மாசக்கணக்காகும்.

மரம் எதுன்னு கேட்டா, தேயிலைத் தோட்டத்துல நிழலுக்கு நிக்கிற சில்வர் ஓக் சீப்பா கிடைக்குதேன்னு எல்லாருக்கும் முதல்ல கண்ணு போகும். பேக்கிங் பெட்டி, பிளைவுட், வீட்டுக்குள்ள சீலிங் பலகைக்கு ஓகே. வெளிச்சுவருக்கு வேணாம், ஈரம் பட்டா தாங்காது, பூச்சியும் துளைக்கும். கற்பூர மரம் பலமானதுதான், ஆனா காயறப்ப முறுக்கிக்கும், வெடிக்கும். உள்ளூர் பைன் பாக்க அழகு, பிரஷர்ல மருந்து ஏத்தாம வெளிய வச்சா நீலம் பூத்துடும். தேக்கு, வேங்கை மாதிரி வைரம் பாய்ஞ்ச மரம், இல்லேன்னா ஃபேக்டரியிலயே மருந்து ஏத்தின இறக்குமதி பைன், இந்த ரெண்டைத்தான் நம்பலாம். காரைக்குடி பழைய மரக்கடைகள்ல செட்டிநாட்டு வீட்டு பர்மா தேக்கு உத்திரம் கிடைக்கும், நல்லா காஞ்ச மரம், இனிமே முறுக்காது. உள்ள இருக்கிற ஆணிக்கு மில்லுக்காரர் ரெண்டு பிளேடு காசு கேப்பார், குடுத்துருங்க.

மரம் நம்ம மலையில நிக்காதுன்னு நான் சொல்லல. ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச்சுல ஸ்ரீரங்கப்பட்டினம் திப்பு அரண்மனையிலேருந்து கொண்டு வந்த உத்திரங்கள் 1830லேருந்து நிக்குது. ஆனா அது கூரைக்குக் கீழ, நனையாம இருக்கு. மரத்துல ஈரம் இருபது சதவீதத்துக்குக் கீழ இருந்தா பூஞ்சை பிடிக்காது, அதைத் தாண்டி அப்படியே நின்னாதான் ஆபத்து. அதனால கூரை ரெண்டரை மூணு அடி வெளிய நீட்டியிருக்கணும், தரையிலேருந்து முதல் பலகை ஒன்றரை அடியாவது மேல இருக்கணும், வெளிப்பலகைக்குப் பின்னாடி முக்கால் இஞ்ச் ரீப்பர் அடிச்சுக் காத்து ஓட வழி விடணும். பளபளன்னு வார்னிஷ் அடிக்காதீங்க, மலை வெயில்ல அது உரிஞ்சு உள்ள தண்ணிய பூட்டி வச்சுரும். எண்ணெய் அடிங்க, சாரல் பக்கம் வருஷா வருஷம்.

ஏ ஃபிரேம், அதாவது கூரையே தரை வரைக்கும் இறங்கி 'A' எழுத்து மாதிரி நிக்கிற வீடு பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா பாதிப் படம் அதுதான். இருபது அடி அகலம், அறுபது டிகிரி சாய்வுன்னா முனை பதினேழு அடிக்கு மேல போகும், கான்கிரீட் கால் மேல நாலடி தூக்கினா ஏழு மீட்டர் கோட்டைத் தொடப் போயிரும். உள்ள அஞ்சடி உயரத்துல அகலம் பதினாலு அடிதான் மிச்சம், பீரோ வைக்க நேர் சுவரே கிடையாது. பனி வழுக்கி விழறதுக்குன்னு போட்ட சாய்வுக்கு பனியே விழாத ஊர்ல இவ்வளவு விலை குடுக்கணுமா?

முழு மரத்துக்கு ஒரு பெரிய பிளஸ் இருக்கு. எடை கம்மி, அதனால சின்னச் சின்ன கான்கிரீட் கால் போட்டு சரிவை வெட்டாமலே நிறுத்திடலாம், மழைத்தண்ணி அது பாட்டுக்குக் கீழ ஓடிடும், பக்கத்து மரத்தோட வேருக்கும் சேதமில்ல. இயற்கையோட ஒட்டின வீடுன்னா எனக்கு அதுதான் அர்த்தம், சுவர்ல மரம் தெரியறது ரெண்டாம்பட்சம். ஆனா தரைக்கு அடியில காத்து ஓடுறதால தரை ஐஸ் மாதிரி ஆகும், அங்கயும் இன்சுலேஷன் வேணும், அடிப்பக்கத்தைக் கம்பிவலை போட்டு அடைக்கலேன்னா காட்டுப்பன்னி குடும்பத்தோட வந்து தங்கும்.

யாருக்கு: அங்கயே குடியிருக்கிறவங்களுக்கு, இல்ல நம்பிக்கையான ஆள் பக்கத்துலயே இருக்கிறவங்களுக்கு. லோன் தேவைப்படாதவங்களுக்கு.

## கீழ கல், மேல மரம்

மூணு அடி கருங்கல் கட்டு, அதுக்கு மேல மரச்சட்டமும் பலகையும். இல்ல, சாரல் அடிக்கிற ஒரு சுவரை முழுக்கக் கல்லுல கட்டிட்டு மத்த மூணு பக்கம் மரம். எனக்கு ரொம்பப் பிடிச்சது ரெண்டாவதுதான். நடுவட்டத்துல மேற்குச் சுவர் கல், குன்னூர்ல கிழக்குச் சுவர் கல், அதுலயே கணப்பும் சிம்னியும். கணப்பு கல்லுல சாய்ஞ்சு இருக்கறதால ராத்திரி நெருப்பு அணைஞ்ச அப்புறமும் கல் கொஞ்சம் சூட்டைக் குடுத்துக்கிட்டே இருக்கும், மத்த மூணு மரச்சுவர் அந்தச் சூட்டை வெளிய விடாது. மரம் மண்ணைத் தொடல, மண்லேருந்து தெறிக்கிற தண்ணியும் தொடல.

மறைஞ்சிருக்கிற செலவு கல்லும் மரமும் சேர்ற இடத்துல. அங்க ஈரத்தடுப்பு ஷீட் வைக்காம மரத்தை நேரா கல் மேல படுக்க வச்சா கல் உறிஞ்சுற தண்ணியெல்லாம் மரத்துக்குப் போகும். கொத்தனார் "சிமெண்ட்ல பூசிடலாம் சார்"னு சொல்வார், ஒத்துக்காதீங்க, பூசினா தண்ணி உள்ள மாட்டிக்கும். இன்னொண்ணு, கொத்தனாரும் ஆசாரியும் ஒருத்தரை ஒருத்தர் கை காட்டிக்கிட்டே இருப்பாங்க, கல் மட்டம் அரை இஞ்ச் தப்புனா சட்டம் உக்காராது, நடுவுல நீங்க நிக்கணும். கல்லு கனம், அதனால அஸ்திவாரம் வேணும், சரிவுல படிப்படியா இறக்கித்தான் போடணும். முழு மரத்தைவிட மண் வேலை ஜாஸ்தி, ஆனா மொத்தத் தளத்தையும் வெட்டறதைவிட எவ்வளவோ கம்மி.

கரடியையும் சொல்லணும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் எண்ணெய் வாசனைக்குக் கரடி வீட்டுக்கதவை உடைக்கிறது அடிக்கடி நடக்கிற கதை. சமையலறைய கல் பக்கம் வச்சு, வெளிக்கதவை கனமா போட்டா அந்தக் கவலை பாதி குறையும். முக்கா இஞ்ச் பலகைச் சுவருக்குப் பின்னாடி எண்ணெய் டின்னை வச்சுட்டு ஊருக்குப் போனா, திரும்பி வர்றப்ப சுவரே இருக்காது.

யாருக்கு: வருஷத்துல பாதி நாளாவது வந்து போறவங்களுக்கு, கட்டறப்ப கூட இருந்து பாக்க முடியறவங்களுக்கு. சந்தேகமா இருக்கிறவங்களுக்கும் நான் இதைத்தான் சொல்வேன்.

## ஸ்டீல் ஃபிரேம், சிமெண்ட் போர்டு, மேல மரத்தோல்

கால்வனைஸ் பண்ணின மெல்லிசு ஸ்டீல் சட்டம், ரெண்டு பக்கமும் சிமெண்ட் ஃபைபர் போர்டு, நடுவுல ராக்வூல், கண்ணுக்குத் தெரியற இடத்துல மட்டும் மரப்பலகை. கோயமுத்தூர்லயோ மதுரையிலயோ வெட்டி, நம்பர் போட்டு, லாரியில ஏத்திக் கொண்டு வந்து சில வாரத்துல நிறுத்திடலாம். மழைக்காலத்துக்கு முன்னாடி கூரை போட்டுடணும்னா இதுதான் வேகம். எடை கம்மி, அதனால இதையும் கால் மேல நிறுத்தலாம்.

"ஐயோ, அது மரவீடே இல்லையே"ன்னு முகம் சுளிக்கிறவங்க இருக்காங்க. இருக்கட்டும். மாசத்துல ஒரு தடவை வர்றவங்களுக்கு இதுதான் கொஞ்சம் தூங்க விடும். மேல அடிச்ச பலகை கெட்டா அதை மட்டும் கழட்டி மாத்தலாம், வீடு நிக்கும்.

சிக்கல் உள்ளுக்குள்ள. ஸ்டீல் குளிரை நேரா உள்ள கொண்டு வரும், நீங்க உள்ள வெந்நீர் வச்சு, கணப்பு மூட்டி, நாலு பேர் மூச்சு விட்டதுல வர்ற ஆவி அந்தக் குளிர்ந்த சட்டத்துல பட்டுத் தண்ணியா நின்னுடும். போர்டுக்குப் பின்னாடி ராக்வூல் நனைஞ்சுபோய், வெளிய ஒண்ணும் தெரியாம, ஒரு நாள் வாடை வரும். அதனால உள்பக்கம் ஆவித்தடுப்பு ஷீட் ஒட்டிருக்காங்களான்னு போர்டு அடிக்கறதுக்கு முன்னாடி நேர்ல பாருங்க, கொட்டேஷன்ல எழுதியிருக்குன்னு விட்டுடாதீங்க. அப்புறம் ரோடு. மெயின் ரோட்டுலேருந்து உங்க இடத்துக்கு பிக்கப் மட்டும்தான் போகும்னா இருபது அடி பேனல் எப்படிப் போகும்? தலைச்சுமைக் கூலி தனி. கல்லட்டி மாதிரி 36 கொண்டை ஊசி வளைவு இருக்கிற ரோட்டுக்கு நீள லாரிய டிரைவர் எடுக்கவே மாட்டார்.

யாருக்கு: தூரத்துல இருக்கிறவங்களுக்கு, வாடகைக்கு விட நினைக்கிறவங்களுக்கு, அவசரக்காரங்களுக்கு.

## மண் பிளாக், மரக்கூரை

இதைச் சுருக்கமா சொல்றேன், ஏன்னா எல்லா உயரத்துக்கும் இது சரிப்படாது. மண்ணுல அஞ்சுலேருந்து எட்டு சதவீதம் சிமெண்ட் கலந்து மெஷின்ல அழுத்தின, சுடாத பிளாக், ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட்காரங்க பரப்பினது. கூரைக்கு கைமரமும் (ஓட்டைத் தாங்குற சாய்வுச் சட்டம்) மங்களூர் ஓடும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, மசினகுடி மாதிரி கீழ் உயரத்துல, வெயில் கிடைக்கிற இடத்துல அருமையா இருக்கும், சுவர் மூச்சு விடும், கரையான் வந்தாலும் கூரையை மட்டும் கவனிச்சா போதும். ஊட்டி, கோடைக்கானல் உயரத்துல பிளாக் காயவே காலமாகும், சாரல் பட்ட பக்கம் அரிக்கும். "நம்ம நிலத்து மண்ணுலயே கட்டலாம்"னு சொல்வாங்க, அந்த மண்ணைத் தோண்டினா சரிவுல குழி விழுமேன்னு யாரும் கேக்கறதில்ல.

## ஒரே பார்வையில

| | முழு மரம் (ஃபிரேம்) | கல் + மரம் | ஸ்டீல் + போர்டு | மண் பிளாக் |
|---|---|---|---|---|
| சரிவை வெட்டறது | ரொம்பக் கம்மி | நடுத்தரம் | ரொம்பக் கம்மி | அதிகம் |
| சாரல் தாங்கறது | கூரை நீட்டலைப் பொறுத்தது | நல்லா | நல்லா, உள் ஈரம்தான் பயம் | சுமார் |
| சீக்கிரம் சூடாகறது | ஒரு மணி நேரம் | அரை நாள் | ஒரு மணி நேரம் | மெதுவா |
| ஆள் இல்லாம பூட்டி வைக்கலாமா | கூடாது | ஓரளவு | வைக்கலாம் | வைக்கலாம் |
| லோன், இன்சூரன்ஸ் | கஷ்டம் | கேட்டுத்தான் பாக்கணும் | பரவால்ல | சுலபம் |
| எதிர்பாராத செலவு | எண்ணெய், ஆள் | மேற்பார்வை | போக்குவரத்து | குழி, பெரிய கூரை |

## எதைத் தேர்ந்தெடுத்தாலும் இது உண்டு

கண்ணாடி. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி வச்சா ராத்திரி அந்தப் பக்கம் உக்கார முடியாது, அப்புறம் தடித் திரை போட்டு மூடுவீங்க, அப்ப எதுக்கு அந்தக் கண்ணாடி? தோடர்களோட பழைய வீடு பாத்திருப்பீங்க, மூங்கிலும் பிரம்பும் புல்லும், பாதி உருளை மாதிரி வளைஞ்ச கூரை, தவழ்ந்து போற அளவுக்குச் சின்ன வாசல். குளிரும் மிருகமும் உள்ள வரக்கூடாதுன்னு யோசிச்சுக் கட்டினது. அவ்வளவு சின்னதா வேணாம், ஆனா தெற்குப் பக்கம் ஒரு நல்ல ஜன்னல், மத்த பக்கம் சின்னதுன்னு வச்சுக்கங்க.

தண்ணி. நீலகிரியில போர்வெல் நினைச்ச உடனே போட முடியாது. 600 சதுர அடிக் கூரையில வருஷம் 1,500 மில்லிமீட்டர் மழைன்னா, வீணாப்போறது போக அறுபதாயிரம் லிட்டருக்கு மேல பிடிக்கலாம். அதனால ஷீட்டோ ஓடோ, தண்ணி பிடிக்கிற கூரையா போடுங்க, புல்லுக்கூரை ஆசைய தோட்டத்து மேடைக்கு வச்சுக்கலாம். கழிவுநீர் உறிஞ்சு குழிய வீட்டுக்கு மேல்பக்கம் வைக்கவே கூடாது, சரிவு ஊறிடும்.

தீ. பிப்ரவரிலேருந்து ஏப்ரல் வரைக்கும் மன்னவனூர், பூம்பாறை பக்கம் காடு எரியறது தெரியும்தானே. மரவீட்டைச் சுத்தி காஞ்ச சருகு, பைன் ஊசி சேர விடாதீங்க, விறகை சுவர்ல சாய்ச்சு அடுக்காதீங்க. படத்துல அழகாதான் இருக்கும்.

## இன்னும் நிலம் வாங்கலேன்னா

அப்படின்னா இன்னொரு வழியும் இருக்கு, பழைய எஸ்டேட் குவார்ட்டர்ஸ், கல் பங்களா எதாவது முறையான பத்திரத்தோட விலைக்கு வந்தா அதை வாங்கி, உள்பக்கம் மரப்பலகையும் இன்சுலேஷனும் அடிச்சு, கூரையைச் சரி பண்ணிக்கறது. புதுசா சரிவை வெட்ட வேணாம், மரம் சாய்க்க வேணாம், கல்லோட குளிரும் பலகைக்குப் பின்னாடி போயிரும். வெளியத் தோற்றம் நீங்க நினைச்ச மாதிரி இருக்காது, வயரிங்கும் பைப்பும் மொத்தமா மாத்த வேண்டி வரும்.

இல்ல, வெறும் நிலம்தான் வேணும்னா மே மாசம் சீசன்ல வந்து பாக்காதீங்க. இ-பாஸ் எடுத்துக்கிட்டு ஐப்பசி அடைமழையில வாங்க, குடைய மடக்கிட்டு அந்தச் சரிவுல அரை மணி நேரம் நில்லுங்க, எந்தப் பக்கத்துச் சட்டை முதல்ல நனையுதோ அந்தப் பக்கம் கல் சுவர்னு ஆசாரிகிட்ட சொல்லிடலாம்.